தாய்மாரை நம்பாத மிஸ்

குழந்தைகளின் நிறை பார்க்கிற உத்தியோகத்தில் முதலில் பழக வேண்டியது தராசு இல்லை, தாய் சொல்வதை நம்பாமலிருப்பது.

நான் குடும்பநல உத்தியோகத்தர். அரசாங்கத்துக்கு அப்படி நீளமாக ஒரு பெயர் தேவைப்பட்டாலும் ஊரில் எல்லாருக்கும் நான் ‘மிஸ்’தான். கட்டுகஸ்தோட்டையிலிருந்து மடவளைக்குப் போகிற வீதியோரம் என் பகுதி. மாதத்தில் இரண்டு செவ்வாய்க்கிழமை சனசமூக நிலையத்தில் கிளினிக். மற்ற நாட்களில் குடையும் பையுமாக வீடு வீடாய் ஏறி இறங்குவது. பிள்ளை எப்போது தலை நிமிர்த்தியது, எப்போது குப்புறப் புரண்டது, யாரைப் பார்த்துச் சிரித்தது, என்ன வார்த்தை பேசியது என்று கேட்டுக் கேட்டுக் கிளினிக் கொப்பியில் சரி போட வேண்டும். கேட்பது நான், சொல்வது தாய். செய்துகாட்ட வேண்டியவரோ அந்த நேரம் பார்த்து வாயைத் திறந்துகொண்டு தூங்குவார்.

பிள்ளை வளர்த்தவர்களுக்கும், பக்கத்து வீட்டுப் பிள்ளை நடந்துவிட்டது என்று கேள்விப்பட்டுச் சாப்பாடு இறங்காமல் போனவர்களுக்கும் இந்தக் கஷ்டம் நான் சொல்லாமலே தெரியும். இருபது வருடத்தில் நான் பிடித்த கள்ளங்கள் நிறைய. கோட்டை விட்டது ஒன்று. அது ஒரு பிள்ளையின் காது. அதையும் சேர்த்தே சொல்கிறேன்; மறைத்தால் எனக்கும் அந்தத் தாய்மாருக்கும் வித்தியாசமில்லை.

இடுப்பில் வெள்ளி

கட்டுகஸ்தோட்டையில் கடை வைத்திருக்கிற குடும்பத்து மருமகள் ஒருத்தி. பிள்ளைக்கு ஏழு மாதம். போன மாதம் கொப்பியில் நிறைக்கோடு ஏறாமல் படுத்துவிட்டது, சாப்பாடு கொடுக்கிற விதத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசி அனுப்பினேன். இந்த மாதம் பார்த்தால் கோடு செங்குத்தாக ஏறுகிறது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. ஒரு மாதத்தில் இவ்வளவு ஏறுவதென்றால் பிள்ளை சோறு தின்றதா, சீமெந்து தின்றதா?

சட்டையைக் கழற்றச் சொன்னேன். இடுப்பில் என் சுண்டுவிரல் தடிப்பில் வெள்ளி அரைஞாண். இரண்டு காலிலும் தண்டை, இரண்டு கையிலும் காப்பு, கழுத்தில் தாயத்து. அதற்கும் கீழே காலையிலிருந்து மாற்றாத பம்பர்ஸ், தூக்கினால் தொங்குகிறது. எல்லாவற்றையும் கழற்றித் திரும்ப நிறுத்தேன். கோடு பழைய இடத்திலேயே படுத்துக்கொண்டது. “யாரை ஏமாற்றப் பார்க்கிறீங்க?” என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு காப்பை ஒவ்வொன்றாய்ப் பிள்ளைக்குப் போட்டபடி சொன்னாள்: “நெற கொறஞ்சா எங்க மாமி என்னையத்தான் பார்ப்பாங்க மிஸ், தராச பார்க்க மாட்டாங்க.”

சாவிக்கொத்து

நிரோஷா என்று ஒருத்தி தன் பிள்ளையோடு என் முன்னால் வந்து நின்றதும் அதே கிளினிக்கில்தான். கார்மென்ட்ஸில் செக்கர் வேலை. தைத்து வருகிற சட்டைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தையல் விட்டிருந்தால் ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவது. புருஷன் மகேந்திரன் த்ரீவீல் ஓட்டுகிறவர். அவள் வேலைக்குப் போகிற நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது மகேந்திரனின் அக்கா ராணி. பிள்ளையின் பெயர் கிஷான், எட்டு மாதம். கொழுகொழுவென்று இருந்தான், நன்றாக உட்கார்ந்தான், என் பேனாவைப் பிடுங்கினான். நிறையிலும் குறையில்லை. “மிஸ், இவன் கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறான். எனக்கு இவன் காது மேல சந்தேகமா இருக்கு” என்றாள்.

கூட்டிச் சொல்கிற தாய்மாருக்கு அடுத்த இனம், பயந்து சாகிற தாய்மார். போனில் எதையாவது வாசித்துவிட்டு வந்து, தும்மினால் ஒரு வியாதி, தும்மாவிட்டால் ஒரு வியாதி என்பார்கள். இவளையும் அந்தக் கணக்கில்தான் வைத்தேன். காது பார்ப்பதற்கு எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முறை ஒன்று உண்டு. பிள்ளை தாயின் மடியில் இருக்க வேண்டும். ஒருவர் முன்னால் விளையாட்டுக் காட்ட, இன்னொருவர் கண்ணில் படாமல் பக்கவாட்டில் நின்று மெல்லிய சத்தம் எழுப்ப வேண்டும். அதற்கு இரண்டு ஆளும் அமைதியான அறையும் தேவை. என்னிடம் இருந்ததோ ஒரு மரமேசை, வெளியே மடவளை பஸ்ஸின் ஹோர்ன், வரிசையில் முப்பது தாய்மார். ஆகவே நானே ஒரு குறுக்குவழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். பிள்ளையை மேசையில் இருத்தி, முதுகுக்குப் பின்னால் அலுமாரிச் சாவிக்கொத்தை மேசைமேல் பொத்தென்று போடுவது.

போட்டேன். கிஷான் சட்டென்று திரும்பிப் பார்த்தான். “பார்த்தீங்களா?” என்று சிரித்துக்கொண்டே கொப்பியில் சரி போட்டேன். நிரோஷா சிரிக்கவில்லை. மேசையின் காலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சொன்னாள்: “மேச ஆடிச்சு மிஸ்.”

ரிஸ்னாவின் மகன்

மடவளைப் பக்கம் ரிஸ்னா என்று ஒரு தாய். மகனுக்கு ஒரு வயதும் நாலு மாதமும். “நடக்கிறானா?” “இல்ல மிஸ்.” “பிடித்துக்கொண்டு நிற்கிறானா?” “அதும் இல்ல மிஸ்.” “என்ன பேசுகிறான்?” “ஒண்டும் பேசுறானில்ல மிஸ்.” மூன்றுக்கும் ‘இல்லை’தான். டொக்டருக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று பையைத் திறந்தேன். அப்போது குசினிப் பக்கமிருந்து ஒரு பூனை வந்தது. உள்ளே படுத்திருந்த மகன் எழுந்து, “பூன! பூன!” என்று கத்தியபடி முன் அறையைக் குறுக்காக ஓடி, கதவைத் தாண்டி, இரண்டு படி இறங்கி முற்றத்துக்குப் போய்விட்டான்.

நான் ரிஸ்னாவைப் பார்த்தேன். ரிஸ்னா முகட்டைப் பார்த்தாள். கண்ணூறு பட்டுவிடும் என்று மறைத்திருக்கிறாள். நான் கொப்பியில் எழுத, அதை நாலு பேர் வாசிக்க, நாலு பேரும் பெருமூச்சு விட, பிள்ளை விழுந்து காலை உடைத்துக்கொள்ளும் என்பது அவளுடைய கணக்கு. கூட்டிச் சொல்கிறவளையாவது தராசு காட்டிக் கொடுக்கும். குறைத்துச் சொல்கிறவளைக் காட்டிக் கொடுக்கப் பூனை வரவேண்டியிருக்கிறது. கோபத்தை அடக்கிக்கொண்டு பேனாவை எடுத்தேன். ரிஸ்னா என் கையைப் பிடித்தாள்: “மொதல்ல மாஷா அல்லாஹ் செல்லுங்க மிஸ், பொறகு எழுதுங்க.”

சொல்லிவிட்டுத்தான் எழுதினேன்.

பாண்காரன் வந்த நேரம்

கிஷானுக்குப் பதினொரு மாதமானபோது வீட்டுக்குப் போனேன். வீதிக்குக் கீழே சரிவில் இரண்டு அறை வீடு. நிரோஷா அன்று லீவு. நான் கதிரையில் உட்காரும்போதே மேலே வீதியில் சுடச்சுடப் பாணும் பணிஸும் விற்கிற த்ரீவீல் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தது. அந்தப் பாட்டைத் தெரியாத பிள்ளை எங்கள் பக்கத்தில் கிடையாது. தவழத் தெரிந்தது எல்லாம் வாசலுக்கு வந்துவிடும். அடுத்த வீட்டுப் பிள்ளை வந்துவிட்டது. கிஷான் ஒரு போத்தல் மூடியை உருட்டிக்கொண்டிருந்தான். ராணி அக்கா பாண் வாங்க எழுந்து அவனைக் கடந்து போனபோதுதான் தலையை நிமிர்த்தினான்.

“தினம் இதே கததான் மிஸ். முன்னாடி பா, பா-ன்னு சத்தம் போட்டவன், இப்ப அதுவும் கொறஞ்சிருச்சு” என்றாள் நிரோஷா. எல்லாப் பிள்ளைக்கும் பாண் பிடிக்க வேண்டுமென்று சட்டமா என்று கேட்டேன். “மகேந்திரனும் மூணு வயசுலதான் பேசினான்” என்று ராணி அக்கா வாசலிலிருந்தே எனக்குத் துணை வந்தார். எனக்கோ வேறு மாதிரி ஓடியது புத்தி. வேலையை விட்டுவிட இவள் ஒரு சாக்குத் தேடுகிறாளோ? பிள்ளைக்கு ஒன்று என்றால் புருஷனும் மறுத்துப் பேச முடியாதே! இதை இப்போது எழுதும்போது கூசுகிறது. ஆனால் அன்று அப்படித்தான் நினைத்தேன்.

கிஷான் ஒரு சின்ன மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். நான் பின்னாலிருந்து அதே மேசையில் என் சாவியைப் போட்டேன். திரும்பினான். இரண்டாவது சரியையும் போட்டுக் கையெழுத்தும் வைத்தேன். நிரோஷா கொப்பியை வாங்கி, என் கையெழுத்தைத் தையல் பார்ப்பது போல வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “நீங்க எழுதிட்டீங்க மிஸ். ஆனா சத்தத்துக்கு அவன் இன்னும் திரும்பல.”

விரிவுரையாளரின் இருமல்

பேராதனையில் படிப்பிக்கிற யாழ்ப்பாணத்துத் தம்பதி எங்கள் பகுதியில் வாடகைக்கு வந்திருந்தார்கள். மகனுக்கு ஒன்றரை வயது. நான் ஒரு கேள்வி கேட்டால் தகப்பன் போனில் நாலு வீடியோ காட்டுவார். எந்த நாளில் எத்தனை வார்த்தை பேசினான் என்பதற்குக் கோடு போட்ட படமெல்லாம் இருந்தது. “பிள்ளை நேரில் செய்யட்டும்” என்றேன். பையன் ஒரு கட்டைமேல் ஒரு கட்டை வைத்துவிட்டு நிறுத்தினான். தகப்பன் இருமினார். மூன்றாவது வைத்தான். திரும்ப இருமினார். நான்காவது. அடுத்த இருமலுக்கு முன் நான் அவருக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன்.

அவர் தண்ணீர் குடித்த நேரம் முழுக்கப் பையன் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். பிள்ளை வடிவாய் வளர்கிறது, தேவை கட்டை இல்லை, அடிபட்டுப் பிடிபட்டு விளையாட அதே வயதில் இரண்டு கூட்டாளிகள்தான் என்றேன். தகப்பனுக்கு என்மேல் முழு நம்பிக்கை வரவில்லை. பெற்ற பிள்ளையை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் வாசல் வரை வந்து சொன்னார்: “ஓம் மிஸ், அவன் கொஞ்சம் பிந்தித்தான் நடந்தவன். ஆனால் அதுக்கு முதலே நல்லா யோசிச்சுக்கொண்டு இருந்தவன்.”

முகம் பார்த்து அழுகை

ஒன்பது மாத ஊசிக்கு வருகிற பிள்ளைகள் என்னைக் கண்டதும் வீரிட்டு அழும். ஆறு மாதத்தில் என் மடியில் கிடந்து சிரித்ததுதான். ஆள் தெரிகிற வயது வந்துவிட்டது, தெரியாத முகத்தை நம்பாமலிருக்கப் பழகிவிட்டது, அவ்வளவுதான். அறிவு வளர்கிறதற்கு அடையாளம். தாய்மார் அதை ஏற்றுக்கொள்வதில்லை. போன தடவை நான் ஏதோ இரகசியமாய்க் கிள்ளியிருக்கிறேன் என்று ஒரு பார்வை பார்ப்பார்கள். பக்கத்துப் பகுதி மிஸ் குமாரி, சிங்களப் பெண், ஒருநாள் எனக்கு உதவிக்கு வந்திருந்தவர், நாலு பிள்ளை தொடர்ந்து என்னைப் பார்த்து அலறியதும் தன் தமிழில் தீர்ப்புச் சொன்னார்: “நீங்க எல்லா அம்மாவையும் சந்தேகம். இப்ப பிள்ளை உங்களைச் சந்தேகம்.”

எவர்சில்வர் தட்டு

அதே நாள்தான் நிரோஷா வந்தாள். கிஷானுக்குப் பதினைந்து மாதம். நன்றாக நடந்தான், ஒரு வார்த்தை இல்லை. அவள் கையில் கிளினிக் கொப்பியோடு இன்னொரு பள்ளிக்கூடக் கொப்பி. விரித்துக் காட்டினாள். கட்டம் கட்டமாகக் கோடு. திகதி, எந்தப் பக்கம், என்ன சத்தம், திரும்பினானா இல்லையா. பின்னாலிருந்து கூப்பிட்டது, புழைக்கடையில் சட்டி தட்டியது, தலைமாட்டில் போன் அடித்தது. பாயில் கால் படாமல், நிழல் விழாமல், காற்றுப் படாமல் பார்த்திருக்கிறாள். பக்கம் பக்கமாக, திரும்பவில்லை என்பதற்குக் கீறல் குறி. “பிடிச்சிருக்கிற எடத்தையே இழுத்துப் பார்த்தா தையல் விட்டது தெரியாது மிஸ். மேசய விட்டுட்டுப் பாருங்க” என்றாள்.

எனக்கு முகம் சுட்டது. முப்பது தாய்மார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் குமாரி அதற்குள் பிள்ளையை நிரோஷாவின் மடியில் இருத்தி, முன்னால் குந்திக்கொண்டு ஒரு பொம்மையை ஆட்டத் தொடங்கிவிட்டார். நிரோஷா பையிலிருந்து ஒரு எவர்சில்வர் தட்டும் கரண்டியும் எடுத்து என்னிடம் நீட்டினாள். கையில் தூக்கிப் பிடித்துத் தட்ட வேண்டும், எதிலும் முட்டக்கூடாது என்று எனக்குச் சொல்லியும் தந்தாள். நான் நாலடி பின்னால் போய் நின்று தட்டினேன்.

மண்டபத்தில் இருந்த அத்தனை பிள்ளையும் திரும்பியது. ஒன்று பயந்து அழ ஆரம்பித்தது. தூங்கிய ஒன்று துள்ளி விழித்தது. கிஷான் மட்டும் பொம்மையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். இன்னும் பலமாகத் தட்டினேன். அவன் கையை நீட்டிப் பொம்மையின் மூக்கைத் தொட்டான். தட்டையும் கரண்டியையும் மேசையில் வைத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கு எழுதுகிற தாளை எடுத்தேன்.

கடிதம் எழுத உட்கார்ந்தபோது எழுத்து ஓடவில்லை. எட்டு மாதத்தில் எழுதியிருக்க வேண்டிய கடிதம். பிள்ளைக்குப் பேச்சு ஊறுகிற ஏழு மாதத்தை என் சாவிக்கொத்து தின்றுவிட்டது. “நீங்க சொன்னதுதான் சரி” என்றேன். அவள் ஜெயித்த முகமா வைத்திருந்தாள்? கண் நிறைந்து நின்றது. “நான் சொன்னது பிழைன்னு ஆகணும்னுதான் மிஸ் இத்தன நாளும் எழுதினேன்.”

டொக்டர் பாராட்டிய நாள்

பெரியாஸ்பத்திரியில் பலமுறை பரிசோதித்து, இரண்டு காதிலும் கேட்கும் கருவி மாட்டும்போது கிஷானுக்கு ஒன்றரை வயது. மாட்டியதும் அழ ஆரம்பித்தவன், தன் அழுகைச் சத்தத்தைத் தானே கேட்டுத் திகைத்து நிறுத்திவிட்டானாம். இனி வாராவாரம் பேச்சுப் பயிற்சி; மற்றப் பிள்ளைகள் சும்மா இருந்து பிடித்துக்கொண்டதை இவன் உழைத்துப் பிடிக்க வேண்டும்.

அடுத்த கிளினிக்குக்கு எங்கள் சுகாதார டொக்டர் வந்திருந்தார். கிஷானையும் கருவியையும் பார்த்தார், ஆஸ்பத்திரிக் கடிதத்தை வாசித்தார். அனுப்பியது யார் என்ற இடத்தில் என் கையெழுத்து. எல்லாத் தாய்மாரும் கேட்கும்படி, இந்த மிஸ் கவனித்திருக்காவிட்டால் இந்தப் பிள்ளையின் கதி என்னவாகியிருக்கும் என்று பாராட்டினார். யாரோ கைதட்டினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. வெட்கப்படுகிறவள் போலத் தலையைக் குனிந்து ஒரு சிரிப்பும் சிரித்தேன். கொப்பியின் பழைய பக்கங்களில் என் இரண்டு சரியும் இருந்தன, டொக்டர் அதுவரை புரட்டவில்லை. நிரோஷா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.

வாசல் கேட்டடியில் அவளைப் பிடித்தேன். என்ன சொல்வதென்று தெரியாமல் கருவியின் பற்றரியைப் பற்றி ஏதோ கேட்டேன். “டொக்டர் பாராட்டினப்ப நீங்களே சொல்லுவீங்கன்னு பார்த்தேன் மிஸ்” என்றாள். அதில் கோபம் இருந்தால் தாங்கியிருப்பேன். கோபமே இல்லை. தையல் விட்ட சட்டைக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிற குரல்தான்.

கொப்பியை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். டொக்டர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். இரண்டு பக்கத்தையும் திறந்து வைத்து, மேசையையும் சாவியையும் காட்டி, எட்டு மாதத்திலேயே தாய் சொன்னதையும் நான் நம்பாததையும் சொன்னேன். டொக்டர் தேநீரைக் கீழே வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் பேசியதை எழுதுவதற்கில்லை, கைதட்டியவர்களுக்கும் கேட்டிருக்கும். எங்கள் பகுதி மிஸ்மார் எல்லாரும் இனி மடியில் வைத்து, இரண்டு பேராய்த்தான் காது பார்க்க வேண்டும் என்று அன்றே உத்தரவு. தாய் சந்தேகம் என்று சொன்னால் பரிசோதனை எப்படி வந்தாலும் கடிதம் போக வேண்டும் என்பது இரண்டாவது உத்தரவு.

வெளியே வந்தபோது நிரோஷா போகாமல் நின்றிருந்தாள். கொப்பியைக் கொடுத்தேன். பழைய இரண்டு சரிக்கும் பக்கத்தில் ‘பிழை’ என்று எழுதிக் கையெழுத்து வைத்திருந்தேன். நின்றபடியே இரண்டையும் வாசித்தாள். இனியாவது என்னை நம்புவீங்களா என்று கேட்டேன். கொப்பியை மூடிப் பையில் வைத்துக்கொண்டு, முதல்தடவையாக என்னைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்தாள். “நம்புறேன் மிஸ். நீங்க எழுதினத ஒவ்வொரு தடவையும் வாசிச்சுப் பார்த்திட்டு நம்புறேன்.”

இப்போதெல்லாம் ஒரு தாய் என் முன்னால் வந்து “மிஸ், எனக்கு ஒரு சந்தேகம்” என்று வாயெடுத்தால், பிள்ளையைத் தொடுவதற்கு முன்பே அவள் சொல்லி முடிக்கும்வரை நான் பேனாவை மூடி வைத்துவிடுகிறேன்.